உதைத்தால் ஆடும்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்றொரு ஊர். அங்குள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1960-களின் நடுவில் உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார் கேரொலின் ரோவி என்ற இளம்பெண். ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய நேரம். வீட்டிலோ சில வாரங்களே ஆன கைக்குழந்தை, அதுவும் ஓயாமல் அழுகிற குழந்தை. தூக்கி வைத்துக்கொண்டால் எழுத முடியாது. கிடத்தினால் வீடே அதிரும். தொட்டிலுக்கு மேலே வண்ண வண்ணமாக ஒரு பொம்மைக் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் ஆட்டினால் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். ஆட்டம் நின்றால் பழைய கதைதான். பொம்மையையும் ஆட்டி, ஆய்வேட்டையும் எழுதுவது நடக்கிற காரியமா?

ரோவி ஒரு நாடாவை எடுத்தார். ஒரு முனையைக் குழந்தையின் கணுக்காலில் தளர்வாகக் கட்டினார். மறுமுனையை அந்தப் பொம்மைக் கொத்தில் மாட்டினார். உன் பொம்மையை நீயே ஆட்டிக்கொள் என்று விட்டுவிட்டு எழுதப் போனார்.

இந்தப் பொம்மைக் கொத்தை ஆங்கிலத்தில் மொபைல் என்பார்கள். நம் வீடுகளில் அந்தப் பெயரை வேறொரு பொருள் பிடித்துக்கொண்டுவிட்டதால், இங்கே தொங்கு பொம்மை என்றே சொல்கிறேன். அந்த வேறொரு பொருளும் பின்னால் வரும்.

காலில் நாடா இருப்பது குழந்தைக்குத் தெரியாது. எல்லாக் குழந்தைகளும் உதைக்கிற மாதிரி அதுவும் சும்மா உதைத்தது. மேலே பொம்மைகள் குலுங்கின. கொஞ்சம் பார்த்தது. மறுபடி உதைத்தது, மறுபடி குலுங்கின. சீக்கிரமே அந்த உதை சும்மா உதைக்கிற உதையாக இல்லை. பொம்மையைப் பார்த்துக்கொண்டே உதைப்பதும், அது ஆடுவதை ரசிப்பதும், ஆட்டம் ஓய்ந்தால் திரும்ப உதைப்பதும் ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஆய்வேடு எழுத நேரம் கிடைத்தது.

வேறொரு வீடாக இருந்தால் இது ஒரு நல்ல தந்திரம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வதோடு முடிந்திருக்கும். ரோவி உளவியல் படித்தவர் என்பதால், தன் கண் முன்னால் நடப்பது பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று என்று அவருக்குப் புரிந்தது. இரண்டு மூன்று மாதக் குழந்தை, தன் செயலுக்கும் அதன் விளைவுக்கும் முடிச்சுப் போடுகிறது. அது மட்டுமா, போட்ட முடிச்சை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. அந்த வயதில் அதெல்லாம் முடியாது என்பதுதான் அன்றைய துறைக்குள் பரவலாக இருந்த எண்ணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த எண்ணத்துக்குப் பெரிய தூணாக இருந்தவர் ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே. அவரும் இதே விளையாட்டைத் தன் வீட்டில் நடத்திப் பார்த்தவர்தான். தொட்டிலின் மேல்மறைப்பில் தொங்கிய துணிப் பொம்மைகளை மகள் காலை ஆட்டி ஆட்டி அசைத்ததையும், மகனின் கையில் கயிறு கட்டிக் கிலுகிலுப்பையோடு இணைத்ததையும் 1936-ல் வெளியான நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். பிடித்த விளைவைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும் பழக்கம் என்று அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார். ஆனால் நிஜமான நினைவு என்பது இரண்டாவது வயதில் பேச்சோடு சேர்ந்து வருவது என்பது அவர் கட்சி. பியாஜே கவனித்துப் பார்த்தார். ரோவி உதைகளை எண்ணினார். வித்தியாசம் அங்கேதான் வந்தது.

1969-ல் முதல் கட்டுரை வெளிவந்தது. பிறகு ரோவி-காலியர் என்ற பெயரில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2014-ல் 72 வயதில் இறக்கும்வரை குழந்தைகளின் நினைவாற்றலையே ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியின் அடிப்படைக் கருவி ஒரு தொட்டில், ஒரு நாடா, ஒரு தொங்கு பொம்மைதான். பெரும்பாலும் ஆய்வாளர்களே குழந்தையின் வீட்டுக்குப் போவார்கள். பழகிய தொட்டிலில் கிடந்தால்தான் குழந்தை இயல்பாக இருக்கும்.

சோதனை இப்படி நடக்கும். முதல் 3 நிமிடம் நாடா காலில் இருக்கும், ஆனால் மறுமுனை பொம்மை இல்லாத வெறும் கம்பியில் கட்டியிருக்கும். குழந்தை எத்தனை முறை உதைக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். அதுதான் அதன் வழக்கமான உதைக் கணக்கு. அடுத்த 9 நிமிடம் நாடாவைப் பொம்மையோடு இணைப்பார்கள். சில நிமிடங்களிலேயே உதைகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறும். கடைசி 3 நிமிடம் இணைப்பை எடுத்துவிட்டு மறுபடி எண்ணுவார்கள். மறுநாளும் இதே 15 நிமிடப் பாடம். பிறகு சில நாளோ சில வாரமோ விட்டுவிட்டு வந்து, அதே பொம்மையை மேலே மாட்டி, நாடாவை மட்டும் இணைக்காமல் விடுவார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஞாபகம் இல்லையென்றால் வழக்கம்போல உதைக்கும். ஞாபகம் இருந்தால் பொம்மையைப் பார்த்ததுமே உதை கூடும். வழக்கத்தைவிடக் கணிசமாக அதிகம் உதைத்தால் ‘நினைவிருக்கிறது’ என்று கணக்கு.

பேசத் தெரியாத ஒருவரிடம் போன வாரம் என்ன நடந்தது என்று கேட்டுப் பதிலும் வாங்கிவிடும் முறை இது. அறிவியலில் கோடிக்கணக்கில் பணம் விழுங்கும் கருவிகளைப் பற்றி நிறையப் படிக்கிறோம். இந்த நாடாவின் விலை என்ன இருக்கும்?

வந்த விடைகள் துறையில் பலருக்கு ஜீரணமாகச் சற்று நாளாயிற்று. 2 மாதக் குழந்தை ஓரிரு நாள் நினைவில் வைத்திருந்தது. 3 மாதக் குழந்தை ஏறத்தாழ ஒரு வாரம். 6 மாதக் குழந்தை இரண்டு வாரம். அதைவிட வியப்பு 1980-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. இரண்டு வாரமானதும் சுத்தமாக மறந்துபோகிற 3 மாதக் குழந்தைக்கு, சோதனைக்கு முந்தின நாள் ஆய்வாளரே மறைவாக இருந்து 3 நிமிடம் பொம்மையை ஆட்டிக் காட்டினார். குழந்தையின் காலில் நாடா இல்லை. அது வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் தொட்டிலில் கிடத்தியதும் பழைய வேகத்தில் உதைத்தது. மறந்துபோனது அழிந்துபோகவில்லை. எடுக்க வழி தெரியாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது.

அந்த நினைவு எவ்வளவு நுணுக்கமானது என்பதும் போகப்போகத் தெரிந்தது. ஐந்து உருவங்கள் தொங்கும் கொத்தில் ஒன்றை மாற்றினால் மறுநாள் குழந்தை பொறுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேல் மாற்றினால் இது வேறு பொம்மை என்று சும்மா இருக்கும். நாலைந்து நாள் போனால் அந்தத் துல்லியம் மங்கிவிடும், எந்தத் தொங்கு பொம்மையைக் கண்டாலும் உதைக்கும். தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டியிருக்கும் துணியின் நிறமும் கோலமும் மாறினால்கூடச் சில வேளை நினைவு வராது. ஊருக்குப் போன இடத்தில் பிள்ளை ஏன் சிணுங்குகிறது என்று தெரியாமல் விழிக்கிற பெற்றோர் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

கால்களும் சாதாரணப்பட்டவை அல்ல. நாடா எந்தக் காலில் இருக்கிறதோ அந்தக் கால்தான் அதிகம் உதைக்கும். நாடாவை மற்றக் காலுக்கு மாற்றிக் கட்டினால் சிறிது நேரத்தில் உதையும் இடம் மாறும். இந்தியானா பல்கலைக்கழகத்தின் எஸ்தர் தெலன் 1994-ல் இன்னொன்று செய்தார். 3 மாதக் குழந்தைகளின் இரண்டு கணுக்கால்களையும் மெல்லிய எலாஸ்டிக்கால் சேர்த்துக் கட்டினார். இப்போது ஒற்றைக் காலால் உதைப்பது கஷ்டம், இரண்டையும் ஒருசேர உதைத்தால்தான் பொம்மை நன்றாக ஆடும். அந்த வயதில் குழந்தைகள் பொதுவாக மாற்றி மாற்றித்தான் உதைக்கும். ஆனால் இவை இரண்டு காலையும் சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டன.

சரி, நினைவாற்றல் இருக்கட்டும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொரு கேள்வி. அந்தப் பொம்மை ஏன் அவ்வளவு பிடித்துப்போகிறது? வண்ணமா, அசைவா, சத்தமா?

இதற்கு விடை தேடியவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஜான் எஸ். வாட்சன். குழந்தையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள் என்று 1928-ல் தாய்மார்களுக்குப் புத்தகம் போட்ட ஜான் பி. வாட்சன் வேறு ஆள். பெயர்ப் பொருத்தம் தவிர இருவருக்கும் சம்பந்தமில்லை. நம் வாட்சன் நாடாவுக்குப் பதில் தலையணையை வைத்துக்கொண்டார். 8 வாரக் குழந்தையின் தலைக்கு அடியில் அழுத்தத்தை உணரும் தலையணை. தலையை அசைத்து அழுத்தினால் மேலே உள்ள தொங்கு பொம்மை ஒரு நொடி சுழலும். இது ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு. இரண்டாவது பிரிவுக்கும் பொம்மை சுழலும், ஆனால் தானாக, குழந்தை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும். மூன்றாவது பிரிவுக்கு அசையாத பொம்மை. தினம் 10 நிமிடம் வீதம் இரண்டு வாரம் இதை வீட்டில் தாய்மார்களே நடத்தினார்கள்.

முதல் பிரிவுக் குழந்தைகள் தலையை அசைப்பதைக் கற்றுக்கொண்டன. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, சில நாளில் அவை பொம்மையைப் பார்த்துச் சிரிக்கவும் ‘ஊ, ஆ’ என்று குரல் கொடுக்கவும் ஆரம்பித்ததுதான். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிற அதே முழுச் சிரிப்பு. தானாகச் சுழலும் பொம்மைக்கும் அதே வண்ணம், அதே அசைவு. அங்கே அந்த அளவு குதூகலம் இல்லை. 1972-ல் இதை எழுதியபோது வாட்சன் ஒரு துணிச்சலான கருத்தை வைத்தார். முகம் என்பதற்காகக் குழந்தை முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை; தான் செய்வதற்குப் பதில் செய்கிறது என்பதால் சிரிக்கிறது. முதன்முதலில் அந்த விளையாட்டைக் குழந்தையோடு ஆடுவது மனிதர்கள்தான், அதனால் மனிதர்கள் முக்கியமாகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு முழுச் சம்மதம் வரவில்லை. பிறந்த சில மணி நேரத்திலேயே முகம் போன்ற வடிவத்தின் பக்கம் குழந்தைகள் கண்ணைத் திருப்புகின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. முகத்துக்கென்று ஒரு தனி இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வாட்சன் தொட்ட பகுதி உண்மை. எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் தாய்மார்களைக் குழந்தையின் எதிரே உட்காரவைத்து, சற்று விளையாடிவிட்டுப் பிறகு முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். முகம் அங்கேயேதான் இருக்கிறது. பதில் மட்டும் நின்றுவிட்டது. குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டிப் பார்க்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும்.

பொம்மை பதில் சொல்வதை நிறுத்தினாலும் கிட்டத்தட்ட அதேதான். மைக்கேல் லூயிஸும் சகாக்களும் 2 முதல் 8 மாதம் வரையுள்ள குழந்தைகளின் கையில் ஒரு கயிற்றைக் கட்டினார்கள். இழுத்தால் திரையில் ஒரு குழந்தையின் சிரித்த முகம் வரும், பாட்டும் கேட்கும். நன்றாகப் பழகிய பிறகு இணைப்பைத் துண்டித்தார்கள். குழந்தைகள் துவண்டு போகவில்லை. இன்னும் வேகமாக இழுத்தன. முகத்தில் வருத்தத்தைவிடக் கோபம் அதிகம். ரிமோட் வேலை செய்யாதபோது பொத்தானை இன்னும் அழுத்தமாக அமுக்குகிற பெரியவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தினர் 2023-ல் உடலசைவைப் பதியும் கேமராக்களை வைத்து இதே நாடாச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அவர்கள் கண்டதில் எனக்குப் பிடித்தது உதைகள் பற்றியது அல்ல, இடைவெளிகள் பற்றியது. குழந்தை சில தடவை உதைத்துவிட்டு நிறுத்துகிறது. அசையாமல் பொம்மையைப் பார்க்கிறது. நான் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கிறதா என்று பார்ப்பதற்கான நிறுத்தம் அது என்று அவர்கள் கருதுகிறார்கள். உதைத்துப் பார்ப்பது மட்டும் போதாது, உதைக்காமலும் பார்க்க வேண்டும் என்பது சோதனை நடத்தும் எவருக்கும் சொல்லித்தரப்படும் பாடம்.

அழுகைக்கு வருவோம். பொம்மை நிஜமாகவே அழுகையை ஆற்றுகிறதா? கைக்குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணிந்துவிடும். ரோவியின் வீட்டில் நாடா கட்டியதும் ஏறக்குறைய அந்த உச்சக் காலத்தில்தான். அதனால் நாலாவது மாதத்தில் வாங்கிய பொம்மைக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதி காலண்டருக்குச் சேர வேண்டியது.

மீதிப் பாதிக்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் மேரி ராத்பார்ட், மைக்கேல் போஸ்னர் குழுவினர் 1997-ல் வெளியிட்டது. 3 முதல் 6 மாதக் குழந்தைகளுக்கு ஒளியும் ஒலியும் கொஞ்சம் அதிகமாகக் காட்டிச் சிணுங்கவைத்தார்கள். பிறகு கண்ணைக் கவரும் ஒரு பொருளைக் காட்டினார்கள். அழுகை நின்றது, முகம் தெளிந்தது. பொருளை எடுத்தார்கள். அழுகை திரும்பி வந்தது, அதுவும் விட்ட இடத்திலிருந்து, ஏறக்குறைய அதே அளவில். ஒரு நிமிடம் அமைதியாக இருந்த குழந்தைக்குக்கூட அப்படித்தான். பொம்மை கவனத்தைப் பிடித்து வைத்திருக்கிற நேரம் முழுக்கத் துயரம் உள்ளே எங்கோ அப்படியே காத்திருக்கிறது போலும். பசிக்கிற பிள்ளையிடம் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும். ஓரிகன்காரர்கள் அதை அளந்தார்கள். ஈரத்துணி, பசி, தூக்கம், காய்ச்சல் இதில் எதையும் பொம்மை தீர்க்காது. தீர்க்க வேண்டியது எதுவும் இல்லாமல் வெறும் அலுப்பால் அழுகிறபோது அது நல்ல மருந்து.

அழுகை நினைவையும் கலைத்துவிடும் என்பது இன்னொரு செய்தி. ரோவி-காலியரின் மாணவர் ஜெஃப்ரி ஃபேகன் 10 உருவங்கள் கொண்ட பொம்மைக் கொத்தில் குழந்தைகளைப் பழக்கிவிட்டு, திடீரென 2 உருவங்கள் மட்டும் உள்ள கொத்தை மாட்டினார். சில குழந்தைகள் ஏமாற்றத்தில் அழுதன. சில பொறுத்துக்கொண்டன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பொறுத்துக்கொண்ட குழந்தைகளுக்குப் பாடம் நினைவிருந்தது. அழுத குழந்தைகள் மறந்திருந்தன.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் சிரிப்பு வரும். தொட்டிலுக்கு மேல் மாட்டுகிற பொம்மைகளில் அழகான யானை, முயல், மேகம் எல்லாம் பக்கவாட்டில் நிற்பவருக்குத் தெரிகிற மாதிரி தொங்கும். காசு கொடுப்பவர் அங்கேதானே நிற்கிறார். கீழே மல்லாந்து கிடக்கிறவருக்குத் தெரிவது யானையின் அடிவயிறும் நாலு பாதங்களும்தான். நிறமும் அப்படியே. பெரியவர்களுக்குப் பிடித்த வெளிர் ரோஜாவும் வெளிர் நீலமும் பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய ஒரே மங்கல். 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபான்ட்ஸ் காட்டியதுபோல, வெறும் வண்ணத்தைவிடக் கோடும் கட்டமும் உள்ள, எடுப்பான வேறுபாடு கொண்ட உருவங்களைத்தான் சிசுக்கள் அதிக நேரம் பார்க்கின்றன. பார்வை தெளிவாக விழுவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கிற தூரம் அது. கூரையை ஒட்டித் தொங்கும் பொம்மை முதல் மாதத்தில் அலங்காரம் மட்டுமே.

காது அப்படி இல்லை. கருவில் இருக்கும்போதே அது கேட்கத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் உலகத்தின் பழைய பொம்மைகளில் கிலுகிலுப்பை முன்வரிசையில் நிற்கிறது. கணித அறிஞர் ஆர்கிட்டாஸின் பெயரால் வழங்கிய கிலுகிலுப்பையை அரிஸ்டாட்டில் தன் ‘அரசியல்’ நூலில் பாராட்டுகிறார்: கையில் அது இருந்தால் குழந்தை வீட்டுச் சாமான்களை உடைக்காதாம். 2300 ஆண்டுக்கு முந்தைய பெற்றோர் குரலாகவே அது ஒலிக்கிறது. நம் ஊரில் பனையோலையில் முடைந்து உள்ளே விதையோ கல்லோ போட்ட கிலுகிலுப்பை திருவிழாக் கடைகளில் கிடைத்தது, இன்னும் சில இடங்களில் கிடைக்கிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு முன் குழந்தையால் எதையும் சரியாகப் பிடித்து ஆட்ட முடியாது. கையில் திணித்தால் தன் முகத்திலேயே அடித்துக்கொள்ளும். அந்த வயதில் கிலுகிலுப்பையை ஆட்டுவது நாம், கேட்பது அது.

இங்கேதான் எனக்குக் கொலுசு நினைவுக்கு வருகிறது. பேர் வைக்கிற நாளிலோ அதற்கப்புறமோ பாட்டியோ தாய்மாமனோ பிள்ளையின் காலில் மணி வைத்த வெள்ளிக் கொலுசோ தண்டையோ போடுவது நம் வழக்கம். தவழ்ந்து எந்த மூலைக்குப் போனது என்று சத்தத்தில் தெரியும் என்பார் என் பாட்டி. ஆனால் தவழ்வதற்கு மாதக்கணக்கில் முன்பே அது காலில் ஏறிவிடுகிறதே! மல்லாந்து கிடக்கிற பிள்ளை உதைக்கிறது, மணி கிணுங்குகிறது. நிறுத்தினால் நிற்கிறது. பலமாக உதைத்தால் பலமாகக் கேட்கிறது. ரோவியின் நாடா செய்த வேலையை நாடாவே இல்லாமல் கொலுசு செய்கிறது, அதுவும் கண் தெளியாத வயதில் காது வழியாக. சேலைத் தூளியும் ஒருவகையில் அப்படித்தான். ஸ்பிரிங்கில் தொங்கும் தூளியில் பிள்ளை உதைத்தால் தூளியே லேசாகக் குதிக்கும். இதையெல்லாம் யோசித்துத்தான் முன்னோர் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளுக்குப் பிடித்தது வீட்டில் தங்கிவிட்டது என்பது என் ஊகம். கொலுசில் மணி கழன்றுவிடாமல் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும். கழன்ற மணி நேராக வாய்க்குத்தான் போகும்.

மறுபக்கம், பேட்டரி போட்ட பொம்மைகள். இயக்கிவிட்டால் தாலாட்டு வாசித்தபடி தானாகச் சுழன்றுகொண்டே இருக்கும் தொங்கு பொம்மைதான் இப்போது அதிகம் விற்கிறது. வாட்சனின் இரண்டாவது பிரிவுக் குழந்தைகளுக்குக் கிடைத்தது அதுவே. பின்னொரு சமயம், தாங்களே ஆட்டக்கூடிய பொம்மையைக் கொடுத்தபோதும் அந்தப் பிரிவுக் குழந்தைகள் அதைக் கற்றுக்கொள்ளத் தடுமாறின என்கிறார் வாட்சன். சின்ன ஆய்வு, அதை வைத்துப் பேட்டரிப் பொம்மையைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். தூங்கவைக்க அது உதவலாம். விழித்திருக்கிற பிள்ளைக்கு அதைவிட ஒரு ஸ்பூனும் தட்டும் மேல்.

கைப்பேசிக்கும் இதே அளவுகோல்தான். ஒரு வயதுக்குள் திரை வேண்டவே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வீடியோவில் ஆடும் பூனை, குழந்தை சிரித்தாலும் ஆடும், தூங்கிவிட்டாலும் ஆடும். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-ல் இதே மாதிரி எச்சரித்தபோது ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது: வீடியோ அழைப்பு. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ பேசுகிற தாத்தா, பிள்ளை ‘ஊ’ என்றால் ‘ஊ’ என்கிறார். அதே கருவி, அதே வெளிச்சம். ஒன்று பதில் சொல்கிறது, மற்றது சொல்வதில்லை.

மூன்று மாதத்தில் ஒரு வாரம் நினைவு வைத்திருந்த குழந்தைகள் ஒன்றரை வயதில் எவ்வளவு நாள் வைத்திருக்கும்? ஆறு மாதத்துக்கு மேல் மல்லாந்து கிடந்து உதைக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. ரோவி-காலியர் குழு அவர்களுக்காக ஒரு சின்ன ரயில் செய்தது. நெம்புகோலை அமுக்கினால் ரயில் வட்டத் தண்டவாளத்தில் ஓடும். ஒரு வயதில் 8 வாரம், ஒன்றரை வயதில் 13 வாரம் அது நினைவிருந்தது. நம்மில் ஒருவருக்கும் அந்த வயது ஞாபகம் இல்லையே, அது ஏன் என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. டொராண்டோவில் ஷீனா ஜாஸ்லினும் பால் ஃப்ராங்க்லாண்டும் 2014-ல் எலிகளில் ஒரு காரணத்தைக் காட்டினார்கள்: நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் சிறு வயதில் புது நரம்புச் செல்கள் மளமளவென முளைக்கின்றன, அந்த முளைப்பே பழைய நினைவுகளைக் குலைக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தினர் 2025-ல் 4 முதல் 25 மாதம் வரையுள்ள 26 குழந்தைகளை விழித்திருக்கும்போதே எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடித்து, அதே ஹிப்போகேம்பஸ் அப்போதே நினைவுகளைப் பதியத் தொடங்கிவிடுகிறது, ஒரு வயதைத் தாண்டியவர்களிடம் அது தெளிவாகவே தெரிகிறது என்றார்கள். பொம்மையைக் கண்டதும் உதைக்க வைக்கிற நினைவும், நடந்த நிகழ்ச்சியை நினைவுகூர வைக்கிற நினைவும் ஒன்றுதானா என்ற பழைய வாதம் அதோடு முடிந்துவிடவில்லை.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: நாடாவைக் காலில் கட்டும் வேலை வேண்டாம். ஆய்வில் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருந்தார்கள். தனியாக விட்ட தொட்டிலில் எந்தக் கயிறும் கழுத்தைச் சுற்றலாம். தொங்கு பொம்மையை எட்டாத உயரத்தில் இறுக்கமாக மாட்டி, குழந்தை கையை ஊன்றி எழ முயல ஆரம்பித்ததும், அல்லது ஐந்து மாதமானதும், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது கழற்றிவிட வேண்டும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். கழற்றினால் குழந்தைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இன்னும் சில மாதத்தில் அது உட்கார்ந்து, கையிலிருக்கும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். குனிந்து எடுத்துக் கொடுப்போம். மறுபடி போடும்.